பெற்றோலுக்கு மரியாதை, மண்ணெண்ணெய்க்கு வேலை

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டலாம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்காபரோவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாரிஸ் லா சப்பலில் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சவுத்தோலில் இருப்பவர் தன் மச்சானோடு சேர்ந்து கண்டுபிடித்தவர். மச்சானைக் கேட்டால், இவர் அன்றைக்கு வெறுமனே ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் என்பார். ரோர்ச்சுக்கு அந்தக் காலத்தில் பட்டறி ஏது என்று நாங்கள் கேட்பதில்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இவர்கள் கதைக்கத் தொடங்கினால், ஜேம்ஸ் வாட்டே எழும்பிக் கதிரையை விட்டுக் கொடுப்பார்.

பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1990 ஜூனில் அரசாங்கத்துக்கும் புலிகள் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. கரண்ட் போனது. வடக்கே போகக்கூடாத சாமான்களுக்குக் கொழும்பில் ஒரு பட்டியல் போட்டார்கள்: பெற்றோல், பட்டறி, சீமெந்து, உரம் என்று அது நீண்டது. பட்டியலை எழுதியவருக்கு எங்களைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். ஒரு மூட்டை சீமெந்து கிடைத்தால் இவர்கள் கோட்டை கட்டிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊர்ச் சனம் ஒரு மூட்டை சீமெந்தில் கட்டக்கூடியது ஒரு மதில்தான். அதையும் பக்கத்து வீட்டுக் காணிக்குள் அரை அடி தள்ளித்தான் கட்டும், பிறகு இருபது வருசம் வழக்குப் பேசும்.

மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டு அட்டைக்குச் சங்கக் கடையில் அளந்து கிடைத்தது. மிச்சம் தேவையானது, எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்காத வழிகளில் வந்தது. பெற்றோல் போத்தல் கணக்கில், மருந்துபோல விற்பனையானது. விலையைக் கேட்டவர்கள் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு ஊர்ப் புதினம் கதைத்துவிட்டுப் போனார்கள். இயக்கத்தின் பஜிரோக்களுக்கு மட்டும் பெற்றோல் எப்படி வருகிறது என்று கேட்கக்கூடாது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கேட்கக்கூடாத கேள்விகளின் பட்டியல் கொழும்புப் பட்டியலைவிட நீளமானது.

இனி, கண்டுபிடிப்புக்கு வருவோம். பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவதில் மாயமோ மந்திரமோ இல்லை. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆவியாகாததில் தீப்பொறி பற்றாது. எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகும், எரியும், முனகிக்கொண்டு வண்டியை இழுக்கும். ஆகவே கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சினைச் சுட வைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு தாங்கி வேண்டும்: பெரியதில் மண்ணெண்ணெய், சின்னதில் பெற்றோல். அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்தில் கொவென்ற்றி நகரத்துத் தொழிற்சாலையில் செய்த பேர்கசன் உழவு இயந்திரத்தில், 1949இலேயே இதற்கென்று ஒரு வகை வந்துவிட்டது. அதற்கும் முன்னால் போர்ட்சன் உழவு இயந்திரங்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. வெள்ளைக்காரக் கமக்காரன் பெற்றோலுக்கு வரி கட்டப் பஞ்சிப்பட்டுச் செய்த ஏற்பாடு அது.

இங்கிலாந்துவரை போகவும் தேவையில்லை. கோண்டாவில், உரும்பிராய், புத்தூர்ப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கினால் போதும். துலா மிதித்து இறைத்த காலம் முடிந்து, கிணற்றடிக்கு மண்ணெண்ணெய் மெஷின் வந்து அப்போது இருபது முப்பது வருசம் ஆகியிருந்தது. அந்த மெஷினின் தலையில் இரண்டு தாங்கி இருக்கும். சின்னத் தாங்கியில் ஒரு சிரங்கை பெற்றோல். கயிற்றைச் சுற்றி இழுத்து, பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரம் ஓட விட்டு, திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டக்காரன் தினமும் விடியற்காலை செய்த வேலை இது. அவன் மகன் பள்ளிக்கூடம் போகுமுன் செய்த வேலை. ஆனால் கார் வைத்திருந்த ஒருவராவது ‘நான் இதைத் தோட்டக்காரனிடம் பார்த்துப் படித்தேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அறிவு கொழும்பிலிருந்து வரலாம், லண்டனிலிருந்து வரலாம், மலாயாவிலிருந்துகூட வரலாம். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வெங்காயத் தோட்டத்திலிருந்து மட்டும் வரக்கூடாது.

எங்கள் பெரியப்பாவின் வான் மலாயாக் காசில் வந்தது. பெரியப்பாவின் தகப்பனார், நாங்கள் எல்லோரும் அப்பு என்று கூப்பிடுபவர், மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். வந்ததும் ஒரு கல்வீடு கட்டினார், பிள்ளையார் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்தார், பழைய ஒஸ்ரின் ஏ40 வான் ஒன்றை வாங்கி முற்றத்தில் விட்டார். 1200 சிசி எஞ்சின், பேர்மிங்காம் லோங்பிரிட்ஜில் செய்தது. செய்தவர்கள் அதை மறந்து, அந்தக் கொம்பனியே கை மாறிப் பெயர் மாறி, வேறென்னவோ ஆன பிறகும் வான் எங்கள் முற்றத்தில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கலியாணம், செத்த வீடு, நல்லூர்த் தேர் என்று எல்லாவற்றுக்கும் ஹயருக்கு ஓடியது.

1990 முடிவதற்குள் யப்பான் வாகனங்கள் எல்லாம் சீலை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டன. காரணம் மிக எளிது. எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை எவ்வளவு இறுக்கி நெருக்குகிறார்களோ அவ்வளவுக்கு நல்ல பெற்றோல் வேண்டும். யப்பான்காரன் ஒன்பது மடங்கு நெருக்கினான். அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால், நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம் வரும். ஏ40 ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் நெருக்கும். நாற்பதுகளின் யுத்தக் காலத்துப் பெற்றோல் எவ்வளவு மட்டமானது என்று தெரிந்தவர்கள் செய்த எஞ்சின் அது. போதாததற்கு, முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றியும் ஸ்ராட் பண்ணலாம்; ஸ்ராட்டரைச் சுழற்ற முடியாத நோஞ்சான் பட்டறியும் தீப்பொறிக்குப் போதும். முப்பத்தைந்து வருசமாக ‘எப்ப இந்தத் தகரத்தை விக்கப் போறியள்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, அந்த வருசம் முதல் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினார்.

வானுக்கு இரண்டாவது தாங்கி பூட்டும் வேலை வீட்டு முற்றத்திலேயே, மாமர நிழலில் நடந்தது. கராச்சுக்குப் போகலாம்தான். ஆனால் கராச்சில் வரிசை, கூலி, அதைவிட முக்கியமாக, கராச்காரனுக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பெரியப்பா பயந்தார். ஊரில் பாதி வாகனம் ஏற்கனவே மண்ணெண்ணெய் மணத்தோடு ஓடிக்கொண்டிருந்தது அவருடைய இரகசியத்தைப் பாதிக்கவில்லை. கராச்சில் வேலை செய்த ஒரு பொடியனை மட்டும் பின்னேரத்தில் வரச் சொன்னார். பொடியன் கதைக்க மாட்டான். கதைப்பதற்கு இடமும் கிடைக்கவில்லை.

திட்டம் இதுதான். பின்னால் இருக்கும் பழைய தாங்கிக்குள் மண்ணெண்ணெய். அதை எஞ்சினில் இருக்கும் பம்ப் இழுத்துக்கொள்ளும். பெற்றோல் தாங்கி சின்னது; காபரேற்றரைவிட உயரத்தில் வைத்தால் தன்பாட்டில் வடிந்து வரும், பம்ப் தேவையில்லை. இரண்டு குழாயும் சந்திக்கும் இடத்தில் ஒரு திருகு. இவ்வளவையும் பெரியப்பா ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் படம் கீறி வைத்திருந்தார். தாங்கி இருந்த இடத்தில் ஒரு வட்டம். திருகு இருந்த இடத்தில் ஒரு வட்டம். எஞ்சினும் ஒரு வட்டம்தான்.

முதல் தாங்கி லக்ஸ்பிறே பால்மா ரின். அடியில் ஓட்டை போட்டு, ஒரு சிறிய பித்தளைக் குழாயை ஈயத்தால் ஒட்டினார்கள். அங்கிருந்து காபரேற்றர் வரைக்கும் ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் ரியூப். அதில் ஒரு வசதி: நடுவில் இருக்கும் சின்னச் சில்லை உருட்டினால் சொட்டுக் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். வான் ஒரு நோயாளி மாதிரி முற்றத்தில் நிற்க, பெரியப்பா போனட்டுக்குள் தலையை விட்டுச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கிழமையில் பெற்றோல் பட்டுப் பட்டு ரியூப் மஞ்சளாகி, விறைத்து, ஒருநாள் முறிந்தது. ரின்னின் அடி அதற்கு முன்பே ஒழுகத் தொடங்கிவிட்டது.

பெற்றோல் ஒழுக்குக்குச் சவர்க்காரம் பூசுவார்கள்; சவர்க்காரத்தைப் பெற்றோல் கரைக்காது. கராச் தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியும். தெரியாதது, பெரியம்மா அந்தச் சவர்க்காரக் கட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்பது. சவர்க்காரமும் அப்போது சும்மா கிடைக்கவில்லை. கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டு ஒரு மாதத்துக்கு என்று கணக்கு வைத்திருந்தார். குளிக்கப் போனவருக்குக் கட்டி சிறுத்திருப்பது கண்ணில் பட்டது. வெளியே வந்து வானின் போனட்டைத் திறந்து பார்த்தார். ரின்னின் அடியில் வெள்ளையாக, வழுவழுப்பாக, அவருடைய மாசி மாதம் முழுவதும் அப்பிக் கிடந்தது.

“உங்கட வானுக்கு வாசமாய்க் குளிக்க வேணுமெண்டா, உங்கட பங்கில குளிக்கட்டும்,” என்றார் பெரியம்மா. அந்த மாதம் பெரியப்பா சீயாக்காயோடு சமாளித்தார்.

இந்தக் கட்டத்தில்தான் அவருடைய கண் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. பெரியம்மாவின் தம்பி, எங்கள் அம்மான், ஒழுங்கை முடிவில் வெங்காயம் செய்தவர். அவருடைய கிணற்றடி மெஷினில் எல்லாம் இருந்தது: ஒழுகாத சின்னத் தாங்கி, மூடி, வடி, எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் மாற்றிவிடும் பித்தளைத் திருகு. பெரியப்பா அதை வாரக்கணக்காகக் கடந்து போனவர். அன்றைக்குத்தான் நின்று பார்த்தார்.

“மச்சான், இதை ரெண்டு நாளைக்குத் தாவன்.”

“அத்தான், வெங்காயத்துக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?”

“வெங்காயம் ரெண்டு நாள் பொறுக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் பொறுக்காது.”

“அப்ப கலியாணத்துக்கு வெங்காயம் வேண்டாமோ?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு அத்தான்மார் பதில் சொல்வதில்லை. சனிக்கிழமை பொழுதுபட முன்னம் தாங்கியும் திருகும் கழன்று வானுக்கு வந்துவிட்டன. அம்மான் அதன் பிறகு பல நாள் தன் மெஷினை எங்கள் லக்ஸ்பிறே ரின்னை வைத்து ஸ்ராட் பண்ணினார். சவர்க்காரத்தோடு சேர்த்துத்தான் கொடுத்தோம் என்று பெரியப்பா நியாயம் சொன்னார்.

கராச் பொடியன் இரண்டு காரியம் செய்தான். இரண்டும் உருப்படியானவை. பெரியப்பாவின் படத்தில் இரண்டும் இல்லை. முதலாவது, கரண்ட் இல்லாமல் சமையலறையில் மா டின் வைக்கும் அலுமாரியாகிப் போயிருந்த எங்கள் பிரிட்ஜின் பின்னாலிருந்து ஒரு முழம் செப்புக் குழாயை அறுத்து எடுத்தான். புகைக்குழாய் புறப்படும் இடத்தில் அதை நெருக்கி வளைத்து, மண்ணெண்ணெய் அதன் வழியாகச் சுட்டுக்கொண்டு காபரேற்றருக்குப் போகும்படி செய்தான். இரண்டாவது, டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி ஒரு பக்கம் திருப்பி, தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி வைத்தான். மண்ணெண்ணெய் அவசரப்பட்டு வெடித்துத் தட்டாமல் இருக்க அதுதான் வழி. பழைய இடம் தெரிவதற்கு ஸ்குறூட்றைவரால் ஒரு கோடு கீறிவிட்டு, “ஐயா, பெற்றோல் வந்தாப் பிறகு இந்தக் கோட்டுக்குத் திருப்பி விடுங்கோ,” என்றான். பெரியப்பா பெரிதாகத் தலையாட்டினார். அடுத்த வருசம் பொடியன் கிளாலியில் வள்ளம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து சுவிசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

தாங்கியை எங்கே பூட்டுவது என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. உயரம் வேண்டும், கை எட்ட வேண்டும், வெயில் படக்கூடாது. மூன்றும் பொருந்திய இடம் வானுக்குள், முன் சீற்றில் இடப்பக்கம் இருப்பவரின் முழங்காலுக்கு நேர் மேலே. அது அப்புவின் சீற். அப்புவுக்கு அப்போது தொண்ணூறு நெருங்கியிருந்தது. சுருட்டு இல்லாமல் மூன்று தெரு தாண்ட மாட்டார். ஒரு குடும்பம் தன் மூத்த தலைமுறையையும் பெற்றோல் தாங்கியையும் சுருட்டையும் ஒரே சதுர அடிக்குள் வைத்து நல்லூருக்குப் போவதை இன்றைய பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியாது. பெரியம்மா சொன்னதை நான் எழுத முடியாது.

“அப்பு, நீங்கள் பின்னுக்கு வாங்கோ.”

“என்ர வானில நான் பின்னுக்கோ?”

“பெற்றோல் பத்திப் பிடிக்கும் அப்பு.”

“யப்பான்காரன் மலாயாவில போட்ட குண்டுக்கே பத்தாத ஆள் நான்.”

கடைசியில் வெளியே போனது தாங்கி. போனட்டின் ஓரத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்து வரிந்து கட்டினார்கள். கொழும்புப் பட்டியலின் காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஆணி, கயிறு, பசை, பிணைச்சல் எல்லாமே சைக்கிள் ரியூப்தான். வெயிலுக்கு மறைப்பாக மேலே ஒரு நனைத்த சாக்குத் துண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் வான் ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்டது போல இருக்கும். திருகைக் கையால் எட்டித் திருப்ப ஒரு கம்பியை வளைத்து உள்ளே கொண்டு வந்தார்கள். அந்தக் கம்பியைப் பிடிக்கும் உரிமை அப்புவுக்கு வழங்கப்பட்டது. சுருட்டு அணையவில்லை, ஆனால் பெற்றோலுக்கும் நெருப்புக்கும் இடையில் இப்போது ஒரு கண்ணாடி இருந்தது. சமாதானப் பேச்சுவார்த்தைகள் இதைவிடக் குறைந்த ஏற்பாடுகளோடு நடந்திருக்கின்றன.

ஓட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. போய்ச் சேரும் இடத்துக்கு இரண்டு மூன்று வளவு முன்பே மண்ணெண்ணெயைப் பூட்டிப் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் வண்டி நிற்கும்போது காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் பெற்றோல் நிற்கும். ஆறிய பிறகும் ஸ்ராட் வரும். மறந்துவிட்டால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய். பிறகு கழற்றி ஊற்றித் துடைக்க வேண்டும். இதனால் எங்கள் ஊரில் ஒரு புதிய நாகரிகம் தோன்றியது. வாகனத்தில் வருபவர்கள் எங்கே நிற்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். வழியில் தெரிந்தவரைக் கண்டு சடாரென்று நிறுத்திச் சுகம் விசாரிக்கும் வழக்கம் ஒழிந்தது. கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பல குடும்பப் பகைகள் இப்படித்தான் ஆரம்பித்தன.

சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்த வேண்டிய ஒரே சந்தர்ப்பம் கெலி, அதாவது ஹெலிகொப்டர், வரும்போது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு சங்கானைக்குப் போகிறோம். வானுக்குள் மாப்பிள்ளை, தோழன், தட்டங்களோடு பெண்டுகள், நடுவில் திணித்த சின்னப் பிள்ளைகள் நாங்கள். மாப்பிள்ளை பூசியிருந்த சந்தனமும் பன்னீரும் ஒழுங்கை தாண்டுவதற்குள் தோற்றுப்போய், எல்லோரும் ஒரே குப்பி விளக்காக மணந்தோம். மானிப்பாய் தாண்டியதும் கெலிச் சத்தம். மண்ணெண்ணெயில் ஓடும் வான் வெள்ளையாகப் புகை விடும். மேலே இருந்து பார்ப்பவனுக்கு இதோ வருகிறோம் என்று சொல்லும் புகை. பெரியப்பா வானை ஒரு புளிய மரத்துக்குக் கீழே விட்டு எஞ்சினை நிறுத்தினார். எல்லோரும் இறங்கி மதவுக்குள் ஓடினோம். அப்பு மட்டும் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி இருந்தார். கம்பியைத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கெலி இரண்டு வட்டம் அடித்துவிட்டுப் போனது. வான் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெயோடு குளிர்ந்து போய் நின்றது. ஹாண்டில் போட்டார்கள். தோழன் சுற்றினான், மாப்பிள்ளையின் தமையன் சுற்றினான். முகூர்த்தம் வாக்கிய பஞ்சாங்கம் பார்த்து வைத்தது. கெலிக்காரன் திருக்கணிதக்காரன்போல, நேரம் கொஞ்சம்கூட ஒத்துவரவில்லை. பெரியப்பா காபரேற்றரைக் கழற்றித் தன் பட்டு உத்தரீயத்தால் துடைத்தார். ஊற்றுவதற்குப் பெற்றோல்? தாங்கியின் மேல் போட்ட ஈரச் சாக்கு காய்ந்து, மூடி இளகி, பாதி ஆவியாகியிருந்தது. மிச்சத்தில் ஒரு மூடி அளவு விட்டு, எல்லோருமாகத் தள்ளி, வான் இருமி எழும்பியபோது, மாப்பிள்ளையின் வேட்டி கரை வைத்த வேட்டியா கரி வைத்த வேட்டியா என்று தெரியாத நிலை. முகூர்த்தம் தப்பியதா இல்லையா என்பதில் இன்றுவரை இரு வீட்டாருக்கும் கருத்து வேற்றுமை இருக்கிறது. மூன்று பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் ஓட்டத்தைப் பற்றி இப்போது எழுதுபவர்கள் தமிழனின் தன்னம்பிக்கை, தடையை உடைத்த மூளை என்றெல்லாம் எழுதுகிறார்கள். எஞ்சினைக் கேட்டால் வேறு கதை சொல்லும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி, கீழே எஞ்சின் ஒயிலுக்குள் வடியும். ஒயில் தண்ணீராகும், போரிங் தேயும், பிளக்கில் கரி அடையும். பெரியப்பா ஒருநாள் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து உள்ளே வந்தார்.

“மற்ற வாகனங்கள் ஒயில் குடிக்கும். எங்கட வானில போன மாசத்தைவிட ஏறியெல்லோ நிக்குது!”

ஒயில் சுரக்கும் உலகத்தின் முதலாவது வாகனம் தன்னிடம் இருப்பதாக அவர் நம்பினார். கோயில் வீதியில் நாலு பேருக்குச் சொல்லியும்விட்டார். அம்மான்தான் விரலால் தொட்டு மணந்து பார்த்துவிட்டு, “அத்தான், இது ஒயில் இல்லை, அரைவாசி மண்ணெண்ணெய். என்ர மெஷினுக்கு நான் கிழமைக்கொருக்கா மாத்துறன்,” என்றார். பெரியப்பா அதை ஏற்கவில்லை. மெஷின் வேறு, வான் வேறு என்றார். மூன்றாம் மாதம் எஞ்சின் கரகரவென்று அரைக்கத் தொடங்கியதும் இரவோடிரவாக ஒயிலை மாற்றினார். கராச்காரர்களுக்குத் தொண்ணூறிலிருந்து ஐந்து வருசமும் நல்ல விளைச்சல். பழைய எஞ்சின்களில் ரிங் மாற்றியே கல்வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். நாலு சுவரும் கண்டுபிடிப்பாளர்கள் கொடுத்தது.

1995 ஜனவரியில் சண்டை நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் போனது. அப்பு அதற்கு முதல் வருசம் காலமானார், சுருட்டினால் அல்ல. சண்டை நெருங்கி வர, ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாதையில் வானும் நின்றது. நடந்தவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். அந்த ஒரு இரவில் எங்கள் வானை எறும்புகூடத் தாண்டியிருக்கும். அடுத்த வருசம் எங்கள் ஊரான கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தோம். கப்பலில் எரிபொருள் வரத் தொடங்கியது, அளவாக. பெரியப்பா தன் ஏற்பாட்டைக் கழற்றவில்லை. எந்த நேரமும் திரும்பத் தடை வரலாம் என்றார். அந்த விஷயத்தில் அவரை யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. அம்மான் மட்டும் தன் திருகைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து லொறி வந்தது, ஐஸ்கிறீம் வந்தது, கனடாவில் இருந்து தொப்பி போட்ட மருமக்கள் வந்தார்கள். பெற்றோல் ஷெட்டில் கேட்டவருக்குக் கேட்ட அளவு, அரசாங்க விலைக்கு. பெரியப்பா பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பின் தாங்கியை வாய்மட்டும் பெற்றோலால் நிரப்பினார். தாங்கிக்கு ஒரு செவ்வரத்தம்பூகூட வைத்ததாக ஞாபகம். செப்புக் குழாயைக் கழற்றினார். சின்னத் தாங்கியைக் கழற்றி அம்மானிடம் கொடுத்தார். அம்மான் அதற்கிடையில் கரண்ட் மோட்டர் போட்டிருந்தார். டிஸ்ரிபியூட்டர்ப் பக்கம் யாரும் போகவில்லை. கோட்டின் மேல் பன்னிரண்டு வருசத்துக் கிறீஸ் படிந்திருந்தது, அதைக் கீறியவன் சூரிச்சில் இருந்தான்.

வான் ஓடியது, ஆனால் இழுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மேடு கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். முச்சக்கர வண்டிகள் கோன் அடித்துத் தாண்டிப் போயின. எஞ்சின் கொதித்தது. பெரியப்பா வேறு ஷெட்டில் அடித்துப் பார்த்தார். மூன்றாவது ஷெட்டிலும் அடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கைக்குட்டையில் நாலு சொட்டு விட்டு மணந்து, நெருப்புக்குச்சி கிழித்துச் சுவாலையைப் பார்த்து, தீர்ப்புக்கு வந்தார்.

“கள்ளப் பயல்கள். பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய் கலந்து விக்கிறாங்கள்.”

அடுத்த நாள் காலை அந்தப் பெற்றோலில் ஒரு போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, முறைப்பாடு எழுதிக் கொடுக்கக் கச்சேரிக்குப் புறப்பட்டார். வானை நம்பிப் போனால் கச்சேரி பூட்டும் நேரமாகிவிடும் என்று சைக்கிளில் போனார்.